கேட்டிருக்கலாம்

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. நம் சங்க மண்டபத்தைச் சுத்தம் செய்த அந்தப் படத்தைப் போட்டவரும், அதன் கீழே "சபாஷ் செயலவை" என்று கைதட்டியவர்களும் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் பெயர் சொல்லப் போவதில்லை. எந்த மண்டபம், எந்தப் படம் என்று இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும்.

"பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று தலைப்பு வேறு. நன்னூலில் சொல்லுக்கு எழுதிய சூத்திரத்தைக் கொண்டுபோய் ரோரோ குப்பைத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங், பனியன் நனைய வேலை, நடுவில் நாசி லெமாக். எல்லாம் நல்லதுதான். படத்தின் இடது மூலையில் கிழிந்த நீலப் பை ஒன்று இருக்கிறதே, பெரிதாக்கிப் பார்த்தீர்களா? அதில் பிதுங்கிக்கொண்டு நிற்பவை கேசட்டுகள். 60-க்கும் மேல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள் பேசிய கேசட்டுகள்.

தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. குழுவில் 140 பேர் இருக்கிறோம். காலை வணக்கம் அனுப்ப நேரம் இருக்கிறது, தாமரைப்பூ அனுப்ப நேரம் இருக்கிறது. "இந்தப் பெட்டி யாருக்காவது வேணுமா" என்று நாலு சொல் அடிக்க நேரமில்லை.

அவற்றைப் பதிவு செய்த பள்ளிக்கூட மாஸ்டரைத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. 1980-களில் பள்ளி விடுமுறை விட்டால் போதும், கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். பின்னால் கயிற்றில் கட்டிய ரெக்கார்டர். யாரும் காசு கொடுக்கவில்லை, கேசட்டுக்கூட அவர் சம்பளத்தில் வாங்கியது. சயாமுக்குப் போனவர்களை மட்டுமல்ல, வரலாறு படித்த இரண்டு மூன்று பேரையும் உட்காரவைத்து, கிழவர்கள் சொன்னதை அவர்களிடம் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன மறுப்பையும் பதிவு செய்தார். அந்த வாக்குவாதமும் அந்தப் பையில்தான் இருந்தது.

முதல் பதில் வந்துவிட்டது. "அண்ணே, எல்லாம்தான் புத்தகமா வந்துடுச்சே, பிறகு கேசட் எதுக்கு?"

தம்பி, எது வந்துவிட்டது? தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனையையும் இணைத்துவிட்டான் ஜப்பான்காரன். அதில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களுக்குப் படை அதிகாரி இருந்தான், டாக்டர் இருந்தான், ஒளித்துவைத்து நாட்குறிப்பு எழுதத் தெரிந்தவன் இருந்தான், மூங்கில் குழாயில் காகிதத்தைச் சுருட்டிப் புதைத்தவன் இருந்தான். காஞ்சனாபுரிக்குப் போய்ப் பாருங்கள், வெட்டிவிட்ட புல்லில் ஏறத்தாழ 7,000 கல்லறை. பெயர் கிடைத்தவனுக்குப் பெயரும் வயதும் படைப்பிரிவும் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள்? செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கும் என்பார்கள். அதிலும் எத்தனை பேர் தமிழர், எத்தனை பேர் பர்மாக்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று பிரித்துச் சொல்ல ஒருவரிடமும் முழுப் பட்டியல் இல்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு எழுதத் தெரியாது. "ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, மூணு மாசத்துல திரும்பிடலாம்" என்று சொல்லிக் கூட்ஸ் பெட்டியில் அடைத்தார்கள். அவன் எங்கே நாட்குறிப்பு எழுதுவான்? அவன் விட்டுவிட்டுப் போன ஒரே தஸ்தாவேஜு அவன் குரல். வெள்ளைக்காரன் கேசட் தொலைந்தால் நாட்குறிப்பு இருக்கும். நம் கேசட் தொலைந்தால் அதோடு சரி. இது ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

என் தாத்தாவும் போனவர்தான். 1986, எனக்குப் பன்னிரண்டு வயது. மாஸ்டர் எங்கள் லயத்து முன்வாசல் ஐந்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து பதிவு செய்தார். பிற்பாடு ஆண்டு மலரில் அதைச் சுருக்கிப் போட்டார்கள். "சயாமில் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்து, முகாமிலிருந்து தப்பி வந்தவர்." ஒரு வரி. சொல்லொணா! அவர் முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறார், இவர்கள் சொல்லொணா என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் கேசட்டில் தாத்தா எண்ணிக் காட்டுவார். இச்சி, நி, சான், சி, கோ. காலையில் 'தெங்கோ' என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்று எண்ண வேண்டும், தப்பாகச் சொன்னால் அடி. 43 வருஷம் கழித்து, வெற்றிலை வாயோடு, புதுக்கோட்டைப் பக்கத்து இழுவையில் அவர் ஜப்பானிய எண்ணைச் சொல்லும்போது வேகம் கூடும், குரல் மேலே ஏறும். வேறு எதற்கும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலராவில் போனவர்களை எரித்த கதையைச் சொல்லும்போது சிரிப்பார். ஆமாம், சிரிப்பார். அதை எந்த எழுத்தில் போடுவீர்கள்? அடைப்புக்குறிக்குள் "சிரிக்கிறார்" என்றா?

கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் பாட்டி வருவாள். தாத்தா "ராவோட ராவா காட்டுல எறங்கி ஓடியாந்துட்டேன்" என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்க ஓடியாந்தீங்க? காச்சல்ல கெடந்தீங்க. ஜப்பான்காரன் தோத்த பொறகுதானே கூட்டியாந்து விட்டாங்க." பிறகு முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் மட்டும். மலரில் 'தப்பி வந்தவர்' என்று போட்டது யார், பாட்டியின் திருத்தத்தை விட்டது யார்? மாஸ்டர் விடவில்லை, கேசட்டில் அப்படியே வைத்திருந்தார். எழுத்துக்காரர்கள் விட்டார்கள். எங்கள் குடும்பத்திலேயே இன்றைக்கும் சித்தப்பா "தப்பி வந்த வீரர்" கதையைத்தான் கல்யாண வீட்டில் சொல்கிறார்.

அடுத்தது கிழவர்களின் ஞாபகம் தப்பாக இருக்குமாம், ஆதாரமாகாதாம். இருக்கட்டுமே. தப்பான ஞாபகத்தைத் திருத்தவும் அது முதலில் கையில் இருக்க வேண்டும் அல்லவா.

"பூஞ்சை பிடிச்சிருச்சு, ஓடாது, அதான் போட்டோம்." இந்தப் பதிலுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டிப் பார்த்தீர்களா? எதில்? மண்டபத்தில் ப்ளேயரே கிடையாது. பூஞ்சை என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. உலர வைக்கலாம், முகமூடி போட்டுக்கொண்டு பக்குவமாகத் துடைக்கலாம். உள்ளே நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும், மாற்றலாம். கூடு வளைந்திருந்தால் திருகாணி போட்ட வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்பிச் சரிசெய்தால் மூடிக் கிடந்த குரல் திறந்துகொள்ளும். பிறகு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், தரம் குறையாத வேவ் கோப்பு. எம்பி3 அல்ல, அது கேட்பதற்கு மட்டும். அறுபது நிமிஷக் கேசட்டுக்கு அறுபது நிமிஷம் உட்கார வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 60 கேசட் என்றால் தினம் ஒன்று போட்டாலும் இரண்டு மாசம். இரண்டு மாசம்தான் ஐயா!

காலமும் கடந்துகொண்டிருக்கிறது. 2019-இலேயே யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகக்காரர்களும் சேர்ந்து மணி அடித்தார்கள். 2025 வாக்கில் நாடாவை ஓட்டும் கருவியும் உதிரிபாகமும் வேலை தெரிந்த ஆளும் கிடைப்பது அரிது, அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஊரெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் தொட்டியில் போட்டோம்.

இடம் இல்லையாம். சுழல்கோப்பைகளுக்கு இடம் இருக்கிறது, 1997 கயிறிழுக்கும் போட்டி ஆறுதல் பரிசு உட்பட. காசு இல்லையாம். புது எல்இடி திரை எதில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 1979-இலிருந்து வாய்மொழி வரலாற்றுக்கென்று ஓர் அமைப்பு, ஜப்பானியர் காலத்துக்கென்று தனித் திட்டம். தமிழில் பேசியவர்கள்கூட அதில் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் கேட்கலாம். லண்டனில் போர் அருங்காட்சியகம் 1972-இல் தொடங்கிவிட்டது. அதுகூடப் போகட்டும், ஜெர்மன்காரனைப் பாருங்கள். முதல் உலகப் போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் முகாமில் வைத்திருந்தான். 1916 டிசம்பரில் மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயை ஒலிக்குழாய் முன் நிறுத்திப் பேசவைத்தான். ஊரில் வெண்ணெய் தின்றவன், கடவுள் கருணை வைத்தால் வீடு திரும்புவான் என்று தன்னைப் பற்றியே யாரோ ஒருவன் கதைபோலச் சொல்கிறார். பாசத்தாலா பதிவு செய்தான்? இல்லை, மொழி ஆராய்ச்சிக்கு. எதிரி, கைதி, அதுவும் ஆராய்ச்சிப் பொருள். ஆனாலும் அந்த அரக்கு ஒலித்தட்டு அடுத்த போரின் குண்டுவீச்சையும் தாண்டி இன்றைக்கும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எதிரி காப்பாற்றினான். பேரப்பிள்ளைகள் நாம் ஏர்கான் மாட்ட இடம் பண்ணினோம்.

"சங்கத்தைச் சந்தி சிரிக்க வைக்காதீங்க" என்று ஒரு மூத்தவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். ஐயா, இருபத்திரண்டு வருஷமாகச் சந்தா கட்டுகிறேன். தீபாவளி விருந்துக்கு இலை எடுத்தவன் நான். சிரிக்க வைத்தது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. தோட்டத்திலிருந்து யார் யாரை அனுப்புவது என்று பெயர் எழுதிக் கொடுத்த கங்காணி யார், கணக்கெழுதும் கிராணி யார் என்று சில கேசட்டில் பெயரோடு இருப்பதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். நான் கேட்டதில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் இங்கேதான் இருக்கும், நல்ல நிலையிலும் இருக்கலாம். அதனால்தான் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நம்பவே ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, "இவ்வளவு பேசுறீங்களே, நீங்க ஏன் எடுத்து வைக்கல?"

கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2009-இல் தாத்தா கேசட்டை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான். மாஸ்டர் பதிந்ததும் தாத்தாவிடமே விட்டுப்போன மூலம் அது. மற்றவற்றோடு ஒன்றாக இருக்கட்டும், சங்கம் என்றால் பத்திரம் என்று நினைத்தேன். கொடுக்கும் முன் ஒரு கடையில் சிடியில் ஏற்றிக்கொண்டேன். போன வருஷம் போட்டுப் பார்த்தேன், பதினோரு நிமிஷத்துக்கு மேல் படிக்கவில்லை. அப்போதே ஓடிப்போய் மூலத்தை வாங்கியிருக்க வேண்டும். தீபாவளி கழியட்டும் என்றிருந்தேன், பிறகு பிள்ளைக்குப் பரீட்சை. பதினைந்து வருஷத்துக்கு மேல் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நானும் கேட்கவில்லை. இரண்டு அர்த்தத்திலும்.

எண்ணுகிற இடம் அந்தப் பதினோரு நிமிஷத்தில் இருக்கிறது. பாட்டி இல்லை. மேலே அவள் சொன்னதாக நான் எழுதியிருப்பது என் ஞாபகம் மட்டும்தான். நாளைக்குச் சித்தப்பா வந்து "உங்க பாட்டி அப்படிச் சொல்லவே இல்ல" என்றால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

சண்டை போட்டது போதும். தொட்டி செவ்வாய்க்கிழமை காலையில் ஏற்றப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் திங்கள் மாலை பழைய சாமான் எடுக்கும் ஒருவர் லாரியோடு வந்து இரும்பு, மின்விசிறி எல்லாம் பொறுக்கிப் போனதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். நீலப் பையும் அதில் போயிருக்கலாம். யாருக்காவது அவரைத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், எடைக்கு என்ன விலையோ அதற்கு மேலேயே கொடுக்கிறேன். கையில் கிடைத்தவர்கள் தயவுசெய்து பழைய வானொலிப் பெட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா சிக்கிவிடும். வெயிலில் வைக்காதீர்கள். ஈரமாக இருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள், கேசட் டெக் வாங்கியாயிற்று.

எங்களுடையது கறுப்புக் கேசட், அறுபது நிமிஷம், மூடியில் விரிசல். ஒட்டுத்தாளில் பச்சை மையில் அத்தை எழுதியது: "அப்பா பேசுனது. அழிக்காதே."