ஆண் புறாவுக்கும் பால் சுரக்கும் சார்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பெண்களைப் பற்றிச் சொன்னதை வைத்து ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள், அந்த வீடியோத் துண்டு எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த எங்களைக் கை காட்டி, "பெண்கள் எங்கே போனாலும் கும்பல் சேர்வார்கள், அது மூளையில் சுரக்கிற ரசாயனம், குருவியிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று அந்தப் பேச்சாளர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். முன்வரிசை சிரித்ததே, அதைத்தான் விட முடியவில்லை.

அவர் சொன்ன ஆய்வு உண்மைதான். 2009-இல் சயின்ஸ் இதழில் வந்தது, ஜேம்ஸ் குட்சன் குழுவினர் செய்தது. கூண்டில் வைத்து விற்பார்களே, சிவப்பு மூக்கு ஜீப்ரா ஃபிஞ்ச், அதன் மூளையில் மெசோடோசின் என்று ஒன்று உண்டு, நம் உடம்பில் சுரக்கிற ஆக்ஸிடோசின் ஹார்மோனுக்குப் பங்காளி முறை. அதைச் செலுத்தினால் குருவி பெரிய கூட்டத்தின் பக்கமும், பழகின குருவிகளின் பக்கமும் கூடுதல் நேரம் இருக்கிறது. தடுத்தால் அது குறைகிறது. பெரும்பாலும் பெண் குருவிகளில்தான் மாற்றம் தெரிந்தது. இதுவரை சார் சொன்னது சரி.

இதற்குப் பிறகு இருப்பதை அவர் சொல்லவில்லை. மருந்தால் மாறியது பெரிய கூட்டமா சின்னக் கூட்டமா, பழகினவரா புதியவரா என்கிற விருப்பம்தான். மற்ற குருவிகளோடு சேர்ந்திருக்கிற நேரமே கூடியதாலோ குறைந்ததாலோ வந்த மாற்றம் இல்லை அது. அப்புறம், அந்த ஆய்வில் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து வகைக் குருவிகளை ஒப்பிட்டார்கள். நம் ஊர் புள்ளிச் சில்லை மாதிரி கும்பலாகத் திரிபவையும் உண்டு, தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு யாரையும் அண்ட விடாதவையும் உண்டு. மூளையில் செப்டம் என்கிற பகுதியில் இந்த ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது அந்தந்த வகையின் கூட்ட அளவோடு ஒத்துப்போனது. யாரையும் அண்ட விடாத வகையிலும் பெண் குருவி உண்டுதானே? அது ஏன் கும்பல் சேரவில்லை? ரசாயனம் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை சார்.

சரி, பறவையை வைத்துத்தான் பேசுவேன் என்றால் புறாவை வைத்துப் பேசுவோம். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் மாடியில் அண்ணன் புறா வளர்க்கிறான், அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஜோடி போட்டு முட்டை விட்டதும் பாருங்கள், காலையில் பத்து மணி வாக்கில் ஆண் வந்து அடையில் உட்காரும், சாயங்காலம்வரை நகராது, மற்ற நேரமெல்லாம் பெண். ஒரு முறை பெண்ணை வல்லூறு அடித்துக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகளுக்கு அப்போதுதான் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆண் ஒண்டியாகவே ஊட்டி இரண்டையும் பறக்க விட்டது. அண்ணன் அன்றைக்கெல்லாம் மாடியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. புறாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி தொண்டைப் பையில் குஞ்சுக்கு ஊட்டுகிற பால் சுரக்கும், அதைச் சுரக்க வைப்பது ப்ரோலாக்டின் என்கிற ஹார்மோன். 1930-களில் ஆஸ்கர் ரிடில் என்கிற விஞ்ஞானி அந்த ஹார்மோனை அடையாளம் கண்டதே புறாவின் தொண்டைப் பையை வைத்துத்தான். அப்படியென்றால் முன்வரிசையில் சிரித்த அண்ணன்மார்கள் நாளையிலிருந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாமே? புறாவிலேயே நிரூபித்துவிட்டார்கள்!

"அறிவியலுக்கே எதிரியா நீ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டேனியல் லேர்மன் வளையப் புறாக்களை வைத்துச் செய்தது இன்னும் அழகு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண் கூவிக் குனிந்து நிற்பதைப் பார்த்தாலே பெண்ணின் சினைப்பை வளரத் தொடங்கிவிடும். ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது, எதிரில் இருப்பவரின் நடத்தை ஹார்மோனை மாற்றுகிறது. இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டியை ஒரு பக்கம் மட்டும் காட்டினால் எப்படி?

"ஜாலியாகச் சொன்னார், பெரிசு பண்ணாதே" என்பவர்களுக்குப் பதில் இல்லை. அவர்களைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு நிஜமாகவே வலித்தது அடுத்து அவர் சொன்னது, வீடியோவில் அது வெட்டப்பட்டிருக்கிறது. "இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கும்பல் ரத்தத்திலேயே உண்டு" என்றார். தண்ணி லாரி வந்தால் கும்பலாகத்தான் நிற்போம் சார், மூளையில் ஏதோ சுரப்பதால் இல்லை, குழாயில் ஒன்றும் சுரக்காததால். எங்கள் அத்தையை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து மறுகுடியமர்வு அடுக்குமாடிக்கு மாற்றினார்களே, மேல் மாடி, அங்கே கும்பல் கிடையாது. வியாசர்பாடியில் விடியற்காலையிலேயே தெரு ஜனத்தையே கூட்டி நிறுத்துகிற மனுஷி, இப்போது போன் செய்தால் "சாப்ட்டியா" என்பதோடு முடித்துக்கொள்கிறாள். அவள் ரத்தத்தில் இருந்தது எங்கே போனது? ஆளைப் பிய்த்து எறிந்துவிட்டு அது அவர்கள் சுபாவம் என்று மைக்கில் சொல்வதற்கு ஒரு குருவி வேண்டியிருக்கிறது உங்களுக்கு.

கமெண்டில் சண்டை போடலாம், ஆய்வைப் பற்றிக் கேட்கலாம், தெரிந்ததைச் சொல்கிறேன். "அக்காவுக்கு இன்னிக்கு என்ன ஹார்மோனோ" என்று எவனாவது எழுதினால் பிளாக்தான்.