அங்கே இருந்தது காடு

நம் கல்லூரி விடுதிக்குப் பின்புறம் இருந்த புதர்க்காட்டை ஜேசிபி வைத்து வழித்தெடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெட்டியவர்களைவிட, அந்தப் படங்களின் கீழே 'வளாகம் இப்போதுதான் பளிச்சென்று இருக்கிறது' என்று எழுதிய நம் முன்னாள் மாணவர்களே என்னை அதிகம் வருத்தினார்கள்.

அங்கே இருந்தது காடு. சூரை, காரை, களா, ஆதண்டை, வீரை எனப் பின்னிக் கிடந்த அந்தக் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மலைக்காட்டைப் போல வானளாவ வளராது என்பதாலேயே அதைக் குப்பையென்று எண்ணிவிடுகிறோம். ஆனால் சோழமண்டலக் கடற்கரைக்கு இயல்பான காடு அதுதான். இன்று அது கிண்டியிலும், சில கோயில் காடுகளிலும், பழைய கல்லூரி வளாகங்களிலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

செடிகளையும் பறவைகளையும் பார்க்க நாங்கள் போகும் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சென்ற ஐப்பசியில் முதலாண்டு மாணவி ஒருத்தி சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பத்தடி தூரத்தில், களாச்செடியின் அடியில், ஆறுமணிக் குருவி ஒன்று அலகால் சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வீசிக்கொண்டிருந்தது. ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கிவிட்டுத் திரும்பியபோது அதன் அடிவயிற்றுச் சிவப்பு தெரிந்தது. வடக்கே இனப்பெருக்கம் முடித்து, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் பறந்து வரும் பறவை அது. சருகு இல்லையென்றால் அதற்கு இங்கே இரை இல்லை. அந்தச் சருகைத்தான் கூட்டி அள்ளிக் கொளுத்தியிருக்கிறார்கள்.

ஏன் அழித்தீர்கள் என்றால், 'பாம்பு கடித்தால் நீ பொறுப்பேற்பாயா?' என்று கேட்கிறார்கள். மாணவர்களின் உயிர் எனக்கும் பெரிதுதான். வளாகத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு என்பதை நான் மறைத்ததே இல்லை. நடைக்கு வருபவர்களிடம் மூடிய காலணி அணியச் சொல்வதும் அதனால்தான். ஆனால் பாம்பு விடுதிப் பக்கம் வருவது பெரும்பாலும் எலியைத் தேடி. எலி வருவது உணவுக்கூடத்தின் பின்னால் திறந்து கிடக்கும் எச்சிலைத் தேடி. அந்தத் தொட்டிகளை மூடுங்கள், பாதையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் செதுக்குங்கள், விளக்குப் போடுங்கள். இவற்றில் எதையும் செய்யாமல் காட்டை அழித்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

அழித்த இடத்தில் மரக்கன்று நடப்போகிறோம் என்று அவர்கள் சொல்வதற்கு என் பதில் சுருக்கமானது: தரையில் சருகோடு சருகாக முட்டையிடும் பக்கிக்குருவி, வரிசையாக நட்ட கொன்றையின் கீழ் வராது.

எங்கள் நடையை 'வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். விடியற்காலையில் எழுந்து வந்து, ஒரு வண்ணத்துப்பூச்சி ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தேடி முட்டையிடுவதைப் பொறுமையாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பிள்ளைகளை அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் செடிகொடிகளின் மேல் காட்டிய அக்கறையை அந்த வளாகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்கும் வேறு வேலை இருந்தது.

ஏரிக்கரையோரம் எஞ்சியிருக்கும் புதருக்கும் இப்போது சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். முடிவெடுத்தவர்கள் வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்களோடு ஒருமுறை நடந்து வர வேண்டும். அதுவரை அந்தக் கோட்டுக்குள் இயந்திரத்தை இறக்கக் கூடாது.