அம்பது தாண்டி ஓடினா முட்டி தேஞ்சிடுமா?

"அம்பது வயசுக்கு மேல ஓட்டப்பந்தயம் ஓடினா முட்டி தேஞ்சு ஆபரேஷன்ல தான் போய் முடியும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்திட்டே இருக்கு, இது தப்புங்க. முட்டி என்ன வண்டி டயரா, ஓட ஓட தேயறதுக்கு? முட்டில எலும்பு முனைய மூடியிருக்கற வழுவழுப்பான குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, அழுத்தம் விழுந்து விழுந்து விலகும்போது தான் மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல இருந்து அதுக்கு சத்து போகுது, அதனால அளவான ஓட்டம் அதுக்கு நல்லது தான்.

2017ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்புல, சாதாரணமா ஓடறவங்கள்ல 3.5 சதவீதம் பேருக்கு தான் இடுப்பு, முட்டி தேய்மானம், ஓடாம உக்காந்தே இருக்கறவங்கள்ல 10.2. ஆனா ஒண்ணு, தொழில்முறையா ரொம்ப கடுமையா ஓடறவங்களுக்கு 13.3, இதையும் மறைக்கக் கூடாதுல்ல. பழைய முட்டி காயம், அதிக எடை இதெல்லாம் தான் பெரிய வில்லன்.

கனடாவோட எட் விட்லாக் 2004ல 73 வயசுல மராத்தான 2 மணி 54 நிமிஷத்துல முடிச்சாரு, தினமும் மணிக்கணக்கா மெதுவா ஓடி பழகினவர். எல்லாராலயும் அது முடியாது தான், சரி. ஆனா வருஷக்கணக்கா கடுமையா ஓடற சீனியர்கள் கவனிக்க வேண்டியது முட்டிய விட இதயத்துடிப்ப தான், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சீரில்லாம தாறுமாறா துடிக்கற கோளாறு, அவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா வருது, படபடப்பு வந்தா ஈசிஜி எடுத்துடுங்க.