பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய வண்டியா?

அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள்களாக இருந்தேன். இத்தாலிய நிறுவனமான லான்சியா 1950களில் செய்த அவுரேலியா பி20 என்ற இருகதவுக் காரைக் காட்டி, "வெறும் 118 குதிரைத்திறன், பழைய இரும்பு, பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்" என்று அந்தத் தம்பி சிரித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் உண்டு என்பதுதான் வருத்தம்.

குதிரைத்திறனை மட்டும் வைத்து ஒரு காரை எடைபோடாதீர்கள். வரிசை உற்பத்திக்கு வந்த உலகின் முதல் வி6 என்ஜின், அதாவது ஆறு சிலிண்டர்கள் இரு வரிசையாக V வடிவில் நிற்கும் என்ஜின், 1950இல் வெளிவரத் தொடங்கிய அவுரேலியா கார்களினுடையது. அந்த அமைப்பின் அதிர்வை அடக்கப் போர்க்காலத்திலேயே கணக்குப் போட்டு, இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையே 60 பாகை என்று முடிவுக்கு வந்தவர் லான்சியாவின் பொறியாளர் பிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோ. அவருக்கு மேலே, வடிவமைப்புப் பொறுப்பில் வித்தோரியோ யானோ இருந்தார். முன்னால் என்ஜின் இருக்க, எடை முன்னும் பின்னும் பகிரப்பட வேண்டும் என்பதற்காகக் கிளட்சையும் கியர்பாக்ஸையும் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இதில் எது குதிரைத்திறன் கணக்கில் வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் டூரினில் ஒரு பட்டறையில், தூக்கி நிறுத்தியிருந்த பி20இன் அடியில் நின்று பார்த்திருக்கிறேன். பின்சக்கரங்களுக்குள் பிரேக் டிரம் இல்லை. கியர்பாக்ஸை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இருந்தன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறையட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். என் மொழி தெரியாத அந்தப் பெரியவர், டிரம்மைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் என்னைத் தொடவிட்டார்.

"அந்த பிரேக்கைக் கழற்றுவதற்குள் பொழுது விடிந்துவிடும்" என்பீர்கள். விடியட்டும். "வளைவில் பின்பக்கம் வீசியதால்தானே 1954இல், பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே குழாயால் இணைக்கும் தெ தியோன் அச்சுக்கு மாறினார்கள்?" ஆம், மாறினார்கள், குறையைக் கண்டு திருத்துவதைத்தான் பொறியியல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். "நிறுவனமே லான்சியா குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்றே" என்பவர்களுக்கு, அது கல்லாப்பெட்டியின் கதை, காரின் கதை அல்ல என்பதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

தம்பி சிரித்த அந்த 118கூடப் பின்னர் வந்த இரண்டரை லிட்டர் என்ஜினுக்குத்தான். 1951இல் விற்பனைக்கு வந்த முதல் பி20க்கு 75தான். அதே ஆண்டு, இத்தாலியின் சாலைகளில் ஓடும் மில்லே மில்யா பந்தயத்தில், இரண்டு லிட்டருக்கும் குறைவான பி20ஐ ஓட்டிய ஜொவான்னி பிராக்கோ, வில்லோரேசியின் 4.1 லிட்டர் ஃபெராரிக்கு அடுத்து, ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தார். 1952இல் சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றதும், 1954இல் மான்டே கார்லோ ராலியை வென்றதும் இந்தப் பேரீச்சம்பழ வண்டிதான்.

இன்னொன்று. பழைய இரும்பு என்றாரே, அந்த என்ஜின் பிளாக் அலுமினியம். இதைக் காணொளிக்குக் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். "அங்கிளுக்கு வீட்டில் வேறு வேலை இல்லை போல" என்று ஒருவர் தனிப் பின்னூட்டமாக எழுதியது மட்டும், முப்பத்தேழு சிரிப்புக் குறிகளோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.