சக்கையும் பலாவும்

மூன்றாம் வகுப்புப் பையன். படத்துக்குக் கீழே 'பலா' என்று எழுதியிருந்த அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். கொஞ்சமும் தயங்காமல் "சக்கை" என்றான். வகுப்பே சிரித்தது. "தப்பு, உட்காரு மக்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அது உறுத்துகிறது. குமரி மாவட்டத்தில் எந்த வீட்டில் பலா என்கிறார்கள்? சக்கைதான். மரவள்ளி என்றால் மரச்சீனி. பையன் எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்துத் தன் வீட்டுச் சொல்லைச் சொன்னான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு "இப்ப வாசி" என்று கேட்டிருந்தால், அவனுக்கு 'லா' தெரியுமா தெரியாதா என்று ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கலாம். இரண்டு வருடமாகப் படத்தைப் பார்த்தே அவன் தப்பித்து வந்திருக்கிறான். 'கொ' எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதில் தடுமாறும் பிள்ளையும் அப்படித்தான். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும், விரலை வேறெங்கோ வைத்திருக்கும்.

பயிற்சிக்கு நான் போகாமல் இல்லை. 2007-ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை, வந்தபோது போனேன். 2022-ல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும் போனேன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பது நல்ல யோசனை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் மேலே சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லி, அப்புறம் வட்டார வள மையத்துக்கு வந்து எங்கள் காதில் விழும்போது மோர் நீர்மோராகிவிடுகிறது. ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்க யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எல்லாம் அட்டை, கையேடு, தேநீர், கையெழுத்து.

வாசிப்பில் ஒரு பள்ளியை முன்னே கொண்டுபோக அந்தப் பள்ளிக்குள்ளேயே ஒருவர் தயாராக வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே வகுப்பும் எடுத்து, சத்துணவும் பார்த்து, புள்ளிவிவரமும் ஏற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் இதையும் பாருங்கள் என்றால் எப்படி? பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்ததுதான் குறுவள மையம். அதற்கு ஒரு ஆசிரியர் போதும். வாரத்தில் அரை நாள் அவரை விடுவித்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். பிள்ளையின் தவறைக் குறித்துவைக்கவும், அதைச் சக ஆசிரியரிடம் மனம் நோகாமல் சொல்லவும் அவருக்குப் பழக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். கவிமணி பிறந்த தேரூரில்தான் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அவரும் பள்ளி வாத்தியார்தானே. அங்கிருந்தே இதைத் தொடங்கலாம்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான், சரி. ஆனால் அது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்குமான கணக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைப் புரிந்து வாசிக்குமா என்று அது சொல்லாது.

மனம் நோகாமல் சொல்வது ஏன் கஷ்டம் என்றால், என் கதையே இருக்கிறது. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு இளம் டீச்சர் என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். அன்று காலையிலேயே நன்றாக வாசிக்கும் நாலு பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றினேன். அந்தப் பையனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டேன்.