ஒரு சோறு எப்போது பதம்?

2021 ஏப்ரல் 17 அன்று காலை நடிகர் விவேக் மறைந்த செய்தி வந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இரங்கலுக்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழுந்தது: "முந்தாநாள்தானே ஊசி போட்டார்?" 15ஆம் தேதி அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டதையும், எல்லோரும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று செய்தியாளர்களிடம் பேசியதையும் நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். மறுநாளே நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்; அதற்கடுத்த நாள் விடியற்காலையில் இறந்துபோனார். அவருக்கு வயது 59. இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததென்றும், அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்றும் மருத்துவர்கள் விளக்கினார்கள். பிறகு நடந்த ஆய்வும் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே முடிந்தது. ஆனால் அந்த விளக்கங்கள் எங்கள் குழுவுக்கு வந்து சேர்வதற்குள், மறுவாரம் ஊசி போட்டுக்கொள்வதாக இருந்த என் பெரியப்பா மனம் மாறிவிட்டார்.

அவருக்கு அப்போது 71 வயது, சர்க்கரையும் உண்டு. பதறிப்போய் அவரை அழைத்தேன். தேர்தல் பணிக்குச் செல்ல வேண்டியிருந்ததால் ஆசிரியர்களான எங்களுக்கு மார்ச் மாதமே ஊசி போட்டுவிட்டிருந்தார்கள். "பெரியப்பா, நான் போட்டு ஒரு மாசம் ஆகப்போகுது. எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஒருத்தன் நல்லா இருக்கறது கணக்குன்னா, அந்த மனுசன் ஒருத்தர் போனதும் கணக்குதானப்பா?" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் நான். எனக்கு அன்று பதில் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், தர்க்கப் பிழைகளைப் பற்றிய பட்டியல்கள் அண்மைக் காலமாக முகநூலில் ஏராளமாகச் சுற்றுவதுதான். ஆளைத் தாக்குதல், அவசரப் பொதுமைப்படுத்தல், முன்னால் நடந்ததைக் காரணம் என்று கொள்ளுதல் என்று வரிசையாகப் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் போட்டிருக்கிறார்கள். நல்ல முயற்சிதான், பிள்ளைகளுக்கு நானே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆயினும் அந்தப் பட்டியலைப் படித்தவர்கள் அதை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் எதிராளியின் பதிவுக்குக் கீழேதான். என்னுடைய அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. நான் சொன்ன முடிவு சரியானது. அதற்குக் காட்டிய காரணமோ பெரியப்பா காட்டிய அதே காரணத்தின் மறுபக்கம். ஒரே ஒருவரின் உடலை வைத்துக்கொண்டு அவர் ஊசியை மறுத்தார்; ஒரே ஒருவரின் உடலை வைத்துக்கொண்டு நான் ஊசியைப் பரிந்துரைத்தேன். குழுவில் என் பக்கம் நின்ற பட்டதாரிகள் ஒருவர்கூட அதைச் சுட்டிக்காட்டவில்லை, ஏனென்றால் நான் போய்ச் சேர்ந்த இடம் அவர்களும் போக விரும்பிய இடமாக இருந்தது. பிழையைப் பிடித்தவர் எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர்.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று நம் ஊரில் சொல்வார்கள். முன்னால் நடந்ததையே பின்னால் நடந்ததற்குக் காரணமாக்கும் பிழைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் பழமொழியைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. காக்கையால்தான் பழம் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள, காக்கை உட்காராத மரங்களில் எத்தனை பழங்கள் விழுந்தன என்று எண்ண வேண்டும். அன்று பெரியப்பாவிடம் நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டிய கணக்கு அதுதான். 45 வயதைக் கடந்தவர்கள் 10 லட்சம் பேர் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதினரில் ஆயிரத்துக்கு 15 பேர் ஓராண்டில் ஏதேனும் ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்தால், 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 15,000 பேர். அதாவது நாளொன்றுக்கு 41 பேர். ஊசிக்குப் பதிலாக அந்த 10 லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு குவளை மோர் கொடுத்து அனுப்பியிருந்தாலும், அடுத்த இரண்டு நாட்களுக்குள் 80 வீடுகளில் "நேற்றுத்தானே மோர் குடித்தார்" என்ற பேச்சு எழுந்திருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஊசிக்குப் பிறகு யாராவது இறந்தார்களா என்பதில்லை. இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட மிகுதியாக இறந்தார்களா என்பதே.

பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று ஆறாம் வகுப்பிலேயே நாம் படித்துவிடுகிறோம். பிற்காலத்தில் நாம் ஏமாறுகிற இடங்களில் பாதிக்கு மேல், பகுதியை மறைத்துவிட்டுத் தொகுதியை மட்டும் நம் கண்முன் காட்டுகிற இடங்கள் என்பது என் கருத்து. பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகையில் வெற்றி பெற்ற பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக இருக்கும். மொத்தம் எத்தனை பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள் என்ற எண் இருக்காது. என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது, "காமராசர் என்ன படிச்சார் சார்? முதலமைச்சர் ஆகலையா?" என்று கேட்டுவிடுவான். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களில் முதலமைச்சர் ஆனவர் நம் நினைவில் நிற்கிறார். ஆகாத லட்சக்கணக்கானோரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதோடு, அந்தக் காமராசரே ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்தவர் என்பதைச் சொன்னதும் கேட்டவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான்.

ஆனால், "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்றும் நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்களே, அது அவசரப் பொதுமைப்படுத்தல் ஆகாதா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் பல நாள் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பழமொழியில் தவறில்லை. பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே நேரத்தில் உலையில் போட்டது, ஒரே தீயில் வெந்தது, இடையிடையே அகப்பையால் கிளறிவிடப்பட்டது. அதனால் எந்தப் பருக்கையை எடுத்து நசுக்கினாலும் மற்றவற்றின் நிலை தெரிந்துவிடும். கிளறாத பானையாக இருந்தால், மேலே ஊறிக்கொண்டிருக்கும்போதே அடியில் பிடித்திருக்கும். அப்போது மேற்பருக்கை ஒன்றும் சொல்லாது என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும். நாம் செய்கிற தவறு, இந்தப் பழமொழியை மனிதர்கள் மேல் கொண்டுபோய் வைப்பது. ஒரு குறிப்பிட்ட மாவட்டத்துக்காரர் ஒருவர் சீட்டுப் பணத்தை ஏமாற்றிவிட்டார் என்பதற்காக அந்த மாவட்டமே அப்படித்தான் என்கிறோம். வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் திருடினால் எல்லோர் மீதும் சந்தேகப்படுகிறோம். ஒரு மாவட்டத்து மக்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லர் என்று அந்த மாணவிக்குச் சொன்னேன். "அப்போ சார், கிளறிப் பார்த்துட்டு எடுத்தா சரியா?" என்று அவள் திரும்பக் கேட்டாள். மாதிரிக் கணக்கெடுப்பு என்ற பாடமே அதுதான் என்று சொல்லி, அன்றைய வகுப்பை அதிலேயே கழித்தேன்.

தர்க்கப் பிழைகளை ஆராயும் கலை வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மணிமேகலையின் 29ஆவது காதையைப் புரட்டியவர்களுக்கு அந்த எண்ணம் இருக்காது. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் சொல்லத் தொடங்கும்போது, எது சரியான காரணம், எது காரணம் போலத் தோன்றும் போலி என்பதைத்தான் முதலில் விரிக்கிறார். மெய்ப்பிக்க எடுத்துக்கொண்ட கூற்றில் வரும் பக்கப்போலி 9, காரணத்தில் வரும் ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டில் வரும் போலி 10 என மொத்தம் 33 வகை. "என் தாய் மலடி" என்பது தன் சொல்லாலேயே தன் சொல்லை மறுக்கும் போலிக்கு அங்கே தரப்படும் உதாரணம். (அந்தச் சொல்லை இன்று நாம் அப்படிப் பயன்படுத்த மாட்டோம், உதாரணத்தின் கூர்மைக்காக மட்டும் குறிப்பிடுகிறேன்.) கணக்காசிரியனான எனக்கு அந்தக் காதை பிடிபட மூன்று உரைகள் தேவைப்பட்டன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரியான அனுமானத்துக்கு அங்கே காட்டப்படும் உதாரணம் எல்லோரும் அறிந்தது: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. இதைத்தான் நாம் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று தெருவில் பேசுகிறோம். ஆனால் அறவண அடிகள் அதோடு விடவில்லை. தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவதை ஏதுப்போலிகளில் ஒன்றாக எண்ணியிருக்கிறார். நெருப்பில்லாமல் புகையாது என்ற விதி இங்கே உடையவில்லை. கண்ணில் பட்டது புகைதானா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் போலி என்ன செய்யும் என்பதை நாம் 2018இல் பார்த்தோம். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டதாக ஒலிப்பதிவுகளும் காணொளிகளும் வாட்ஸ்ஆப்பில் பறந்தன. இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி ஒன்று இந்தியா முழுவதும் சுற்றியது. அது குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம், குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று சொல்லிக் கூட்டம் கூடி அடித்ததில், 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய கொலைகள் நாடெங்கும் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வாரங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் "நெருப்பில்லாமல் புகையுமா" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் காணொளியை என் தங்கைக்கு அனுப்பி, பிள்ளையை வெளியே விடாதே என்று எச்சரித்தவன் நான். ஒன்றுக்கு மூன்று பேர் அனுப்பினால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். மூவருக்கும் அது ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆட்சியில் நடந்த ஊழலைப் பற்றிக் கேட்டால், உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா என்பது பதிலாக வருகிறது. இரண்டும் நடந்திருக்கக்கூடும் என்ற எளிய உண்மை இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. தனக்கென ஒரு நிலைப்பாட்டை வைக்காமல், எதிராளி சொன்னதை உடைப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட பேச்சுக்குப் பழைய நியாய (தர்க்க) நூலார் விதண்டை என்று பெயரிட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் "விதண்டாவாதம் பண்ணாதே" என்று அதட்டியபோது, அந்தச் சொல்லின் பின்னால் ஒரு முழு சாத்திரம் இருப்பது நமக்குத் தெரியாது.

எனக்குக் கவலை தருவது, பிழைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டவர்களிடமே விதண்டை குடியேறிவிடுவதுதான். "இது ஆளைத் தாக்கும் பிழை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் எதிராளியின் முடிவும் பொய்த்துவிட்டதாக எண்ணுகிறார்கள். தவறான காரணத்தோடு சொல்லப்பட்ட முடிவு சரியாகவும் இருக்கலாம். பெரியப்பாவிடம் நான் சொன்னது அப்படிப்பட்டதுதான். ஒருவரின் வாதம் விழுந்தது என்பதால் அவர் சொன்னதற்கு நேர்மாறானது மெய்யாகிவிடாது. அதை மெய்யாக்கத் தனியாகச் சான்று வேண்டும்.

இப்போது நான் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். எப்போதும் வெற்றி பெறுகிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த ஒரு செய்தி வந்ததும், இதே காரணத்தைக் காட்டி எனக்குப் பிடிக்காத ஒரு முடிவை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். பிடிக்காத செய்தியை ஆராய்வதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை. அங்கே நாம் எல்லோருமே அறவண அடிகள்தாம்.

பெரியப்பா 2021 ஜூன் மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டார், என் பேச்சைக் கேட்டு அல்ல. ஊருக்கு முகாம் போட வந்த செவிலியரிடம், "இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் போட்டிருக்கம்மா? அதுல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா சலித்துக்கொள்ளாமல் பதிவேட்டைத் திறந்து, அந்த வட்டாரத்தில் தான் போட்ட முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் காட்டி, காய்ச்சல் வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்தவர் ஒரே ஒருவர்தானாம். "அவனுக்கு என்னன்னு கேட்டேன்" என்று அன்று மாலை தொலைபேசியில் பெரியப்பா சொன்னார். "ஊசி போட்டுட்டுப் போறப்ப வண்டியில இருந்து விழுந்துட்டானாம். அதையும் ஊசிக் கணக்குல எழுதச் சொல்லி அவன் பொண்டாட்டி சண்டை போட்டாளாம்."