மொத்தம் எத்தனை கூப்பன்? அதை முதலில் சொல்லுங்கள்

கூப்பன் விற்று, குலுக்கலில் விழுந்தவருக்கு வீட்டையே பரிசாகத் தருகிறோம் என்றார்களே, அந்த வீட்டுக் குலுக்கல் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. எந்த வீடு என்று தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் நான் கேட்டது ஒரே கேள்வி: மொத்தம் எத்தனை கூப்பன்? "அடுத்தவன் நன்றாக இருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது" என்று பதில் வந்தது. எழுதியது சொந்தச் சித்தப்பா மகன். சரி தம்பி, எனக்குப் பொறுக்கவில்லை என்றே வைத்துக்கொள். எத்தனை கூப்பன்?

ஒரு கூப்பன் 1,000 ரூபாய். வீடு 40 லட்சம் பெறும் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். 4,000 கூப்பன் விற்றாலே வீட்டு விலை வந்துவிடும். 10,000 விற்றால் ஒரு கோடி. மிச்சம் 60 லட்சம் யாருக்கு? பரிசு விழுந்தவரும் சாவி வாங்குமுன் 30 சதவீதம் வருமான வரி கட்ட வேண்டும். 12 லட்சம்! நோட்டீசில் கிரானைட் மாடிப்படி கொட்டை எழுத்தில் இருக்கிறது, வரியைக் காணோம்.

"ஆயிரம் ரூபாய்தானே" என்பீர்கள். என் அப்பாவும் இந்தத் 'தானே'யைத்தான் சொல்வார். பஸ் நிலையத்தில் வாங்கிய லாட்டரிச் சீட்டுகளைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருப்பார். சாயங்காலம் முடிவுத்தாளை விரித்து, கடைசி எண்ணிலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரே ஒருமுறை 50 ரூபாய் விழுந்தது. அன்று வீட்டில் மைசூர்பாகு. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது வேறொரு நாள், என் பள்ளிக் கட்டணத்துக்காக. 2003இல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டார். இதைத்தான் பொறாமை என்கிறார்கள்.

"கேரளாவில் நடக்கிறதே?" அது அரசு நடத்துவது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி லாட்டரி நடத்த மாநில அரசுகளுக்குத்தான் உரிமை. "ஏலச்சீட்டு மட்டும் யோக்கியமா?" ஒழுங்காக நடத்தினால் சீட்டில் கடைசி ஆளுக்கும் பணம் வரும். "கடனில் தவிப்பவர் வீட்டை வேறெப்படி விற்பார்?" பாவம்தான், இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் கடனைப் பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவரா அடைக்க வேண்டும்? அவரும் இரண்டு கூப்பன் வாங்கியிருக்கிறார், தெரியுமா?

தம்பி, நீ மூன்று வாங்கியிருக்கிறாய் என்று சித்தி சொன்னார். என்னிடம் மறைத்திருக்க வேண்டாம். நாளை அவர்களுக்குப் போன் போட்டு எத்தனை விற்றது என்று நீயே கேள். பதில் வந்தால் எனக்கும் சொல்.